ஆளுக்கு ஒண்ணு

ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையின் மூன்றாம் கூடத்தில், ஹேமாவதியைக் கேட்காமல் தொலைதூர ரயிலேறிய ஒரே ஆள் துலுக்கானம். எல்லாம் எனக்குத் தெரியும் என்று குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தில்லிக்குப் போனார். செங்கோட்டைக்கு விடுமுறையான திங்கட்கிழமையாகப் பார்த்து அதன் வாசலில் போய் நின்று, வறுகடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினார். அந்தக் கடலைக் கதை கூடத்தில் இன்றைக்கும் ஓடுகிறது. அடுத்த முறை அவரும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஹேமாவதியின் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

சர்க்கார் வேலையில் இருப்பவர்களுக்கு எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு தரம் குடும்பத்தோடு நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், டிக்கெட் செலவு சர்க்காருடையது. போக ஆசை எல்லோருக்கும்தான் இருக்கிறது. எந்த ரயில், எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, எந்தப் படிவத்தில் என்ன எழுதுவது என்று வரும்போதுதான் பலருக்குக் கைகால் உதறும். ஹேமாவதிக்கு உதறாது. கள்ளிக்குப்பத்து வீட்டில் அவளுடைய இரும்பு பீரோவின் அடித்தட்டில் இருபத்தாறு ஃபைல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பயணம். அதில் ஏழு அவள் தன் வீட்டாரோடு போய்வந்தது, மற்றதெல்லாம் அடுத்தவர்கள் போவதற்காக அவள் மண்டையை உடைத்துக்கொண்டது.

அவளிடம் ஒரு முறை உண்டு. ரயில் பட்டியலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே ‘ஆளுக்கு ஒண்ணு’ என்று எழுதிக் கீழே கோடு போடுவாள். வருகிற ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆசையைச் சொல்லலாம். இரண்டாவதைத் தொடங்கினால் பேனாவை மூடிவிடுவாள். காசிக்குக் கிளம்பியபோது மாமியார் ஜெகதாம்பாள் விசுவநாதரைத்தான் சொல்வார் என்று எல்லோரும் இருக்க, படகில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு போகணும் என்றார். சாமி எப்படியும் வழியில் வந்துவிடும், படகுதான் தவறிப்போகும் என்று கிழவிக்குத் தெரிந்திருந்தது. இப்படி வந்த ஆசைகளை ஒன்றோடு ஒன்று இணைத்து, எது முன்னால் எது பின்னால் என்று பார்த்து, ஒரு சட்டையைத் தைக்கிற மாதிரி ஹேமாவதி பயணத்தைத் தைத்துவிடுவாள். யாருடைய ஆசையும் விட்டுப்போனதாக இதுவரை புகார் வந்ததில்லை.

வருகிற மே மாதம் அவளுக்கு அறுபது முடிகிறது, அதோடு ஓய்வு. அதனால் பிப்ரவரியில் போகப்போவதுதான் அவளுடைய கடைசி எல்.டி.சி. பிள்ளைகள் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள், இந்த முறை பெரியவர்கள் நாலு பேர் மட்டும் போவது என்று முடிவாயிற்று. அவளும் கணவர் ராஜசேகரனும் ஒரு ஜோடி. அடுத்த மெஷினில் பதினெட்டு வருஷமாகத் தைக்கிற சைனம்புவும் அவள் கணவர் பஷீருதீனும் இன்னொரு ஜோடி. பஷீருதீனுக்குப் பூந்தமல்லியில் பழ மண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மெட்ரோ தூண்களுக்கு அடியில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போக, ஹேமாவதியும் ராஜசேகரனும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சாப்பாடு முடிந்து கை கழுவியதும் ஹேமாவதி பையிலிருந்து தாளை எடுத்தாள்.

முதலில் ராஜசேகரன். முப்பது வருஷம் மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“மும்பைல மாடி பஸ்ஸு கீதாம். மேல, மொத சீட்டுல உக்காரணும். கீழ எவனாவது ஒருத்தன் ஓட்டட்டும். நான் பேசாம ரோட்ட பாத்துகினே வரணும்” என்றார்.

பஷீருதீன் யோசிக்கவே இல்லை, நாசிக் என்றார். முப்பது வருஷமாக மண்டிக்கு வந்து இறங்குகிற திராட்சைப் பெட்டிகளின் மேல் ஒரு மலையும் அதன் சரிவில் கொடிகளும் படமாக இருக்கும். அந்த மலை நிஜமாகவே இருக்கிறதா, அச்சடித்தவன் கற்பனையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அங்கே போடுகிற வைனுக்காகத்தான் ஆட்கள் சுற்றுலா போகிறார்களே பாய் என்று ராஜசேகரன் சீண்டினார். நான் பழத்தைப் பார்க்கப் போகிறேன், அது பிற்பாடு எங்கே போய் எப்படிக் கெடுகிறது என்பது அதன் பாடு என்று பஷீருதீன் சொல்லிவிட்டார்.

சைனம்புவின் ஆசைக்கு ஊரே கிடையாது. கிளம்பின நாளிலிருந்து வீடு திரும்புகிற வரை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, இன்னைக்கு இன்னா சமையல் என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். ஹேமாவதி மூன்றையும் எழுதினாள். நாலாவதாக, யாரும் கேட்காமலே, கொஞ்சம் சின்ன எழுத்தில் ‘ஹேமா – புலி’ என்று எழுதினாள்.

சைனம்பு எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் தெருவிலேயே நாய்க்குப் பயந்து சுற்றிக்கொண்டு போகிறவள் இவள் என்று சிரித்தாள். ஹேமாவதிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவள் ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. முப்பத்து நாலு வருஷ வேலையில் பாதிக்கு மேல் அவள் தைத்தது காட்டுச் சட்டை. பச்சையும் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டான துணி, போட்டவன் செடிகொடிக்குள் நின்றால் கண்ணுக்குத் தெரியக் கூடாது. சட்டையின் மேல் பையைத் தைத்தால், சட்டையில் ஓடுகிற திட்டு பையின் மேலும் அப்படியே ஓடணும். பை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் சோதிக்கிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். ஹேமாவதியின் மேசைக்கு உருப்படி திரும்பி வந்தது அபூர்வம். ஆனால் இத்தனை ஆயிரம் சட்டை தைத்தவள் அது எந்தக் காட்டைப் பார்த்துப் போட்ட திட்டு என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. காட்டுக்குள் கோடு போட்ட ஓர் உடம்பு எப்படி மறைகிறது என்று ஒரே ஒரு தடவை, தன் கண்ணால் பார்த்துவிட்டு ஓய்வு பெறணும். இதை வெளியே சொன்னால் கிண்டல் பண்ணுவார்கள் என்று அவள் சொல்லவில்லை, சைனம்புவிடம் மட்டும் பின்னால் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். சைனம்பு அப்போது சிரிக்கவில்லை.

அடுத்த இரண்டு மாதம் ஹேமாவதிக்குத் திருவிழாதான். ஆபீசுக்குப் போகும் ரயிலில் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை நின்றுகொண்டே செல்போனில் வண்டி நேரங்களைப் பார்ப்பாள். மாடி பஸ், திராட்சைக் கொடி, எரியாத அடுப்பு, புலி என்று ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாத நாலு ஆசைகள் ஒரே கோட்டில் வந்து நின்றபோது அவளுக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. சனிக்கிழமை சென்னையில் கிளம்பி ஞாயிறு மும்பை. திங்களும் செவ்வாயும் ஊர் சுற்றல். புதனும் வியாழனும் நாசிக். ராத்திரி வண்டியில் நாக்பூர், அங்கிருந்து காரில் தடோபா புலிக்காடு. சனிக்கிழமை காலையில் ஜீப்பில் காட்டுக்குள், ஞாயிறு அதன் பக்கத்துப் பல்லார்ஷா ஸ்டேஷனில் சென்னை வண்டி. தாளைப் பார்த்துத் தானே இரண்டு தரம் தலையாட்டிக்கொண்டாள்.

காட்டுக்குள் போகும் ஜீப்புக்கு இணையத்தில்தான் இடம் பிடிக்கணும், அதுவும் வார இறுதி என்றால் சீக்கிரமே தீர்ந்துவிடும். இடம் திறந்த அன்றைக்கே ஹேமாவதி உட்கார்ந்து பிடித்துவிட்டாள். ரசீது வந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் சந்தோஷமாகப் போய்ப் பால் காய்ச்சினாள்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது எல்லா டிக்கெட்டையும் பிரின்ட் எடுக்க அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். தாள் சூடாகக் கைக்கு வந்தது. காட்டுக்குள் போகிறவர்கள் பட்டியலில் ராஜசேகரன், பஷீருதீன், சைனம்பு என்று மூன்று பேர் இருந்தார்கள். அவள் பெயர் மேலே, விண்ணப்பித்தவர் என்ற இடத்தில் மட்டும் இருந்தது.

அங்கேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. தொழிற்சாலை எல்.டி.சி. படிவத்தில் ஊழியர் பெயர் மேலே ஒரு தரம்தான். கீழே கட்டத்தில் கூட வருகிறவர்களை மட்டும் எழுதணும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் தன் பெயரைக் கட்டத்திலும் எழுதிவிட, கணக்குப் பிரிவு குமாஸ்தா எல்லோர் முன்னாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, நீ என்னம்மா ரெண்டு ஆளா என்று கேட்டார். அன்றையிலிருந்து தனக்கும் சரி, பிறருக்கு எழுதிக் கொடுத்த படிவங்களிலும் சரி, அந்தத் தப்பை அவள் பண்ணினதே இல்லை. கை அப்படிப் பழகிவிட்டது. காட்டுக்காரர்களின் படிவத்திலும் கை அதையேதான் செய்திருக்கிறது.

அங்கேயே கடை ஓரமாக நின்று, ரசீதில் இருந்த எண்ணுக்கு அரைகுறை இந்தியில் போன் போட்டாள். பெயர் சேர்க்க முடியாது, பெயரும் அடையாள அட்டையும் ஒத்துப்போனால்தான் வாசலில் விடுவார்கள், அந்த வார இறுதியில் இனிமேல் இடமும் கிடையாது என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். தப்பு முழுக்கத் தன்னுடையது என்பதால் கோபப்படக்கூட ஆள் இல்லை. இருபத்தாறு பயணத்தில் யார் ஆசையையும் விடாதவள், கடைசியில் தன்னுடையதைத் தானே விட்டாள். அழுதாளா என்றால் அழுதாள், வீட்டுக்கு நடந்து வரும்போது மேம்பாலத்துக்குக் கீழே, முந்தானையால் வியர்வை துடைக்கிற மாதிரி.

வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மற்ற மூன்று பேர் போகட்டும், தான் அறையில் இருந்துவிடலாம். தப்பை வெளியே சொன்னால் ஆளாளுக்கு வருத்தப்பட்டுப் பயணமே நாறிப்போகும். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஜீப் ரொம்பக் குலுக்குமாம், எனக்கு முட்டி தாங்காது, நீங்கள் மூன்று பேர் போய்வாருங்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள். ராஜசேகரன் சரி என்று சொல்லி ரசம் ஊற்றிக்கொண்டார். அவர் அவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டது அவளுக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் தொழிற்சாலையிலும் இதையே சொன்னாள், ஆனால் சைனம்பு அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டைத் தினமும் தனக்கு முன்னால் ஏறிப் போய் மேலே நின்று காத்திருக்கிற முட்டிக்குத் திடீரென்று என்ன வந்தது என்று அவளுக்குப் பட்டது. பாய் பார்க்கணும் என்கிறார் என்று டிக்கெட்டுகளைக் கேட்டு வாங்கினாள். சாப்பாட்டு மேசையிலேயே விரித்து, விரலை வைத்துப் பெயர்களை எண்ணினாள். மூன்று வந்தது, மறுபடி எண்ணினாள்.

“ஹேமாக்கா, முட்டி எங்க வலிக்குதுன்னு இப்ப தெரிஞ்சிடுச்சு” என்றாள்.

ஹேமாவதி அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், வீட்டில் சொல்லக் கூடாது என்று. சைனம்பு சத்தியத்தைக் காப்பாற்றினாள், ராஜசேகரனிடம் வாயே திறக்கவில்லை. தன் கணவரிடம் சொன்னாள். பஷீருதீன் எந்தச் சத்தியமும் செய்து கொடுத்திருக்கவில்லை.

நாலு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. ஹேமாவதி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் கூடம் முழுக்க ஃபைல்கள் பரந்து கிடந்தன. காசி ஒரு பக்கம், தில்லி ஒரு பக்கம், கேரளத்துப் படகு வீட்டின் ரசீது மின்விசிறிக் காற்றில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தது. நடுவில் மூக்குக் கண்ணாடியோடு ராஜசேகரன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷ வரிசையைக் கலைத்துப் போட்டிருக்கிற மனிதரைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம் வந்தது, குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். இந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு ரயில் எண் தெரிந்துவைத்திருந்ததில்லை. எந்தப் பிளாட்பாரம் என்று அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகணும்.

“உக்காரு ஹேமா. எப்பிடி ப்ளான் போடுறதுன்னு நீ எழுதி வச்சத பாத்து கத்துக்கலாம்னுதான் எடுத்தேன்” என்றார்.

அவள் உட்காரவில்லை.

“ஏழு வாட்டி ஒண்ணா போயிகிறோம். ஏழு ஃபைலுலயும் அந்த ஆளுக்கு ஒண்ணு தாளு கீது. எங்கம்மா பேரு கீது, புள்ளைங்க பேரு கீது, என் பேரு ஏழுலயும் கீது. உன் பேரு ஒண்ணுலயும் இல்ல.”

“எழுதுனவ நானு. என் பேரு எதுக்கு?” என்றாள்.

“அதத்தான் நானும் கேக்குறேன். ஏழு வாட்டி உன் பக்கத்துலயே உக்காந்து வந்துகிறேன். எனக்கு ஒரு வாட்டிகூட கேக்கத் தோணல பாரு.”

ஹேமாவதிக்கும் அப்போதுதான் உறைத்தது. மறந்துபோய் விட்டதில்லை, வேண்டாம் என்று விட்டதும் இல்லை. தனக்கு ஒரு வரி உண்டு என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. மூன்று மாதம் முன்னால் பூந்தமல்லியில் சின்ன எழுத்தில் எழுதியதுதான் முதல் தரம். பொறுக்கிய தாள்களை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ராஜசேகரன் ஒரு தாளை நீட்டினார். ஓட்டுநரின் கையெழுத்து, வரி மேலேறியும் கீழிறங்கியும் போயிருந்தது. மேலே ‘ஆளுக்கு ஒண்ணு’ என்று எழுதிக் கோடும் போட்டிருந்தார்.

ஹேமா – புலி.
சைனம்பு – ஹேமா புலி பாக்கணும்.
பாய் – அதே.
நான் – அதே.

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். அப்புறம்தான் இதில் எத்தனை வேலை நடந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பஷீருதீன் மண்டியில் வியாபாரத்தோடு கற்ற இந்தியில் நாசிக் வியாபாரிகளைப் பிடித்து, அவர்கள் வழியாக நாக்பூரில் ஒருவரைப் பிடித்து, மூன்று நாள் போனும் கையுமாக இருந்திருக்கிறார். காட்டின் உள்பகுதியில் இடமில்லை. சுற்றிலும் இருக்கிற வெளிப்பகுதிக்குத் தனி வாசல்கள் உண்டு, அங்கேயும் புலி நடமாட்டம் உண்டு. ஆனால் அதிலும் வார இறுதி தீர்ந்துவிட்டது, வியாழக்கிழமைதான் ஜீப் இருந்தது. வியாழக்கிழமை காட்டில் இருக்கணும் என்றால் எல்லாம் இரண்டு நாள் முன்னால் வரணும். சென்னையில் கிளம்புகிற வண்டியின் டிக்கெட்டை மாற்றினால் இடம் கிடைக்காது. மும்பைக்குப் போகாமல் வழியில் கல்யாண் என்ற ஸ்டேஷனிலேயே இறங்கி நாசிக் வண்டி பிடிப்பது ஒன்றுதான் வழி. பழைய ஜீப்பை ரத்து செய்துவிட்டு, வியாழக்கிழமை ஜீப்பைப் பதிவும் செய்துவிட்டார்கள். அந்த வாசல் பக்கம் தங்கக் கிடைத்தது ஒரு சின்ன வீடு. சமையல்காரர் கிடையாது, அடுப்பு உண்டு.

“அப்போ உங்க மாடி பஸ்ஸு?” என்றாள் ஹேமாவதி.

“முப்பது வருசம் பஸ்லதான் குடித்தனம் பண்ணேன். மாடில ஏறலன்னா இன்னா இப்போ?”

சைனம்புவுக்கு அடுப்பு விஷயம் தெரியுமா என்று கேட்டாள். அந்த வீடே போதும் என்று சொன்னதே அவள்தான், ரவையும் சேமியாவும் இப்போதே கட்டிவைத்துவிட்டாள் என்றார் ராஜசேகரன். ஹேமாவதி புது ரசீதை வாங்கிக் கட்டத்தைப் பார்த்தாள். நாலு பெயர்கள், முதல் பெயர் அவளுடையது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. இந்தத் தடவை முந்தானையால் வியர்வை துடைக்கிற பாவனையெல்லாம் பண்ணாமல் நன்றாகவே அழுதாள். ராஜசேகரன் என்ன செய்வதென்று தெரியாமல் ஃபைல்களை அடுக்க ஆரம்பித்தார். எல்லாவற்றையும் தப்பான வரிசையில் அடுக்கினார், அவள் அதைத் திருத்தவில்லை.

பிப்ரவரியில் போனார்கள். கல்யாண் ஸ்டேஷனில் இறங்கி நின்றபோது மும்பை போகிற லோக்கல் ரயிலை ராஜசேகரன் ஒரு நிமிஷம் பார்த்தார், அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். நாசிக்கில் அட்டைப் பெட்டி மலை நிஜமாகவே இருந்தது. பஷீருதீன் பெட்டியிலிருந்து வெட்டிக் கொண்டுவந்திருந்த படத்தை எடுத்துப் பிடித்து ஒத்துப் பார்த்து, கொடி சரி, மலையில் ஒரு முகடு அதிகமாகப் போட்டிருக்கிறான் என்றார். வைனுக்கான பழத்தை ஒன்று வாயில் போட்டவர் விதையையும் தோலையும் மென்றுகொண்டே, இதை மண்டியில் இறக்கினால் மறுநாள் கடையை மூடிவிட்டுப் போகணும் என்று தோட்டக்காரரிடம் இந்தியிலேயே சொல்லிவிட்டார். ருசி பார்க்கக் கொடுத்த கிளாஸில் ஹேமாவதி ஒரு வாய் குடித்தாள். ஜலதோஷத்துக்குப் போடுகிற கஷாயம் இதைவிடத் தேவலை என்பது அவள் கருத்து. ராஜசேகரன் அவள் மீதி வைத்ததையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கருத்து எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை, குளிரில் பல் தந்தியடிக்க, காட்டு வாசலில் நின்றார்கள். சைனம்பு நாலரை மணிக்கே எழுந்து அடுப்பைப் பற்றவைத்து உப்புமா கிளறிப் பொட்டலம் கட்டியிருந்தாள். வனக் காவலர் தாளைப் பார்த்து முதல் பெயரைக் கூப்பிட்டார். ஹேமாவதி, தொழிற்சாலையில் ஆஜர் சொல்கிற குரலில், இருக்கிறேன் என்றாள்.

இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. மான், மயில், இன்னும் மான். உப்புமா தீர்ந்தது. ராஜசேகரன் ஜீப் ஓட்டுகிறவர் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஹேமாவதி மட்டும் ஒவ்வொரு புதராகத் தேடிக்கொண்டே வந்தாள். தனக்காக இல்லை, தன்னால் மூன்று பேர் இத்தனை பாடுபட்டு வந்திருக்கிறார்களே, ஒன்றும் இல்லாமல் போனால் அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று. அப்போது எங்கோ ஒரு மான் மிரண்டு கத்தியது. ஜீப்பில் கூட வந்த வழிகாட்டி கையை உயர்த்த, ஜீப் நின்றது. அவர் காய்ந்த மூங்கில் புதர் ஒன்றைக் காட்டி மெதுவாக ஏதோ சொன்னார். எழுந்திருக்காதீர்கள், அங்கேதான் இருக்கிறது என்று பஷீருதீன் காதோடு மொழிபெயர்த்தார்.

பஷீருதீன் பார்த்துவிட்டார். ராஜசேகரன் பார்த்துவிட்டு மூச்சை இழுத்தார். சைனம்பு பார்த்துவிட்டு ஹேமாவதியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஹேமாவதிக்கு மூங்கில்தான் தெரிந்தது. மஞ்சள் தண்டு, கறுப்பு நிழல், மஞ்சள் தண்டு, கறுப்பு நிழல். எங்க, எங்க என்று உதடு மட்டும் அசைந்தது. கடைசியில் தனக்கு மட்டும் தெரியாமலே போய்விடுமோ என்று கண்ணில் நீர் கட்டியது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

ஒரு நிழல் காதை ஆட்டியது.

அவ்வளவுதான், முழுப் புலியும் இருந்தது. அவள் இத்தனை நேரம் அதன் முகத்தைத்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தோளில் ஓடிய கோடு அப்படியே மூங்கிலில் ஓடியது, மூங்கிலின் நிழல் அப்படியே விலாவில் ஓடியது. புலி எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அது அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு திரும்பி நடந்தது, மூன்றாவது அடியிலேயே காணாமல் போய்விட்டது.

ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் அதே வேலையைப் பார்த்தவள், புலி போன இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்து மெஷின்காரியிடம் மெதுவாகச் சொன்னாள்.

“தையலே தெரியல பாரு, சைனம்பு.”